மழை-நல்லது-3

1

முதலில் ஓர் ஒப்புதல். இந்தக் கதை முழுவதும் என்னுடையது அன்று.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடையாற்றிலிருந்து மயிலாப்பூர் செல்லும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் அமர்ந்திருந்த ஓர் இளம்பெண் கைப்பேசியில் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார். பிறர் பேச்சை ஒட்டுக் கேட்பது நாகரிகம் அன்று என்பதை நான் அறிவேன். ஆயினும் பேருந்து பாலத்தின் மீது நெரிசலில் நின்றுவிட்டது. என் காதுகளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

மூன்று வாக்கியங்கள் தெளிவாகக் கேட்டன.

"மழைன்னு தேடினா எப்படிக் கிடைக்கும், அது பஜ்ஜியாச்சே!"

"எங்கம்மா அந்த ரூம்ல உக்காந்துக்கினு, யாருடி அது எண்ணெய் காயாம பஜ்ஜி போடறதுன்னு கேக்கறாங்க."

"அவங்க பேரு வரலன்னா என் பேரும் வேணாம்னுட்டேன்."

பிறகு அவர், "சனிக்கிழமை படம் போட்டாங்கல்ல, அந்தக் கார்டு வந்ததும் தியேட்டர்ல ஒரு சத்தம் வந்துச்சு பாரு…" என்று தொடங்கினார். லஸ் நிறுத்தம் வந்தது. இறங்கிப் போய்விட்டார். நான் மந்தைவெளியிலேயே இறங்கியிருக்க வேண்டியவன்.

(நான் ஒரு கல்லூரி நூலகத்தில் பணிபுரிகிறேன். இதற்கு முன் எழுதியது ஓர் ஆய்வேடு மட்டுமே. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்புகள். ஒரேயொரு மேற்கோளுக்கு ஆதாரம் தரத் தவறியதற்காக என் நெறியாளர் ஓர் இயலையே திருப்பி அனுப்பினார். அப்படி வளர்க்கப்பட்டவன், ஆதாரம் காட்ட இயலாத மூன்று வாக்கியங்களோடு கதை எழுத அமர்ந்திருக்கிறேன். முன்பின் அறியாத ஒரு பெண்ணின் பின்னால் லஸ்ஸில் இறங்கி ஓடி, "அம்மா, தங்கள் பேச்சை ஒட்டுக் கேட்டேன், அடிக்குறிப்புக்காகத் தங்கள் பெயர் வேண்டும்" என்று எப்படிக் கேட்பது? பொறுத்தருள்க.)

2

தொடக்கங்கள்.

‘மழை கொட்டிக்கொண்டிருந்தது.’ அடித்துவிட்டேன். இந்தக் கதையில் ஒரு துளி மழையும் கிடையாது.

‘ஒலி என்பது யாது? காற்றில் எழும் அதிர்வுகள் செவிப்பறையை அடைந்து…’ இது பாடநூல். வாசகர் இந்நேரம் கொட்டாவி விட்டிருப்பார்.

‘ஜுவேரியா என்றொரு பெண் இருந்தாள்.’ இது இருக்கட்டும். எளிமையாக இருக்கிறது. பேருந்துப் பெண்ணின் பெயரை அறியாததால் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டேன். எங்கள் நூலகத்தில் ஒரு நூலை நான்கு மாதம் தாமதமாகத் திருப்பித் தந்த மாணவியின் பெயர் இது. அவரிடமும் அனுமதி கேட்கவில்லை. கடன் ஏறிக்கொண்டே போகிறது.

கதைக்குள் அவரை ‘அவள்’ என்று எழுதப் போகிறேன். அதற்கும் முன்கூட்டியே மன்னிப்பு.

3

ஜுவேரியா என்றொரு பெண் இருந்தாள். வயது இருபத்தாறு. மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில், ஒரு மாடி வீட்டில் தாயார் ஜஹீதாவோடு வசித்தாள். ஜஹீதா தியாகராய நகர்க் கடைகளுக்குக் கல்யாண ரவிக்கைகளில் ஆரி வேலை செய்து கொடுப்பவர். மகளோ பிற்பகல்களில் வடபழனியில் ஓர் ஒலிக்கூடத்தில் உதவியாளர். ஒரு நெடுந்தொடருக்கு எட்டு மாதம் அவள் காலடிச் சத்தங்கள் சேர்த்தாள். மாமியார் நடக்கும்போது கேட்கும் ஒவ்வொரு கொலுசு ஒலியும் இவள் தன் காலில் கொலுசு கட்டிக்கொண்டு நடந்து பதிந்தது. எட்டு மாதமும் ஜஹீதா தவறாமல் தொடரின் இறுதிவரை தொலைக்காட்சி முன் அமர்ந்து, ஓடும் பெயர்களை விரல் வைத்துத் தேடினார். மகள் பெயர் ஒருநாளும் வரவில்லை.

இந்நிலையில்தான் நண்பன் சக்திவேல் பதினான்கு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தான். அதில் ஒரு புடவைக்கடை விற்பனைப் பெண்ணை வேலையை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். கடைசிக் காட்சியில் அவள் தெருவில் மழையில் நின்று அழுகிறாள். மழை என்பதால் அவள் அழுவது எவருக்கும் தெரிவதில்லை. படத்தின் முடிவில் தனிப் பெயரட்டையாக மூன்று நொடிகளுக்கு ‘ஒலி வடிவமைப்பு: ஜுவேரியா’ என்று வரும். அவள் வாழ்வில் முதல்முறை. ஜஹீதா அந்த மூன்று நொடிகளுக்காகப் புதுத் துப்பட்டா ஒன்றில் ஓரம் முழுக்கப் பூ போட்டு வைத்துவிட்டார். சந்து முழுவதும் சேதி பரவிவிட்டது.

படத்திற்கு வேண்டிய சத்தங்களில் பெரும்பகுதியை அவளே பதிந்தாள். பதினான்கை மட்டும் இலவச ஒலித்தளங்களிலிருந்து எடுத்தாள். அத்தளங்களில், உலகின் ஏதோவொரு மூலையில் யாரோ ஒருவர் தம் வீட்டுக் கதவையோ தெரு நாயையோ பதிந்து பொதுவில் வைத்திருப்பார். காசு கேட்பதில்லை. பலர் கேட்பது ஒன்றுதான்: எடுத்துக்கொள், என் பெயரைச் சொல். யாருடையது, என்ன தலைப்பு, எங்கிருந்து எடுத்தாய், எதையாவது மாற்றினாயா என்று ஒரு வரி எழுது.

இவ்வளவு எளிய கடனை அடைக்க முடியாமல் ஜுவேரியா ஒரு வாரம் திண்டாடினாள். காரணம், அவளுடைய ஒழுங்கு.

தளத்திலிருந்து இறக்கும் கோப்பு, எண்ணும் பதிந்தவர் பெயரும் தலைப்புமாக நீண்ட வால் ஒன்றோடு வரும். ஒலிக்கூடத்தில் அதற்கெல்லாம் நேரமில்லை. பெயரைப் பார்த்தவுடன் எந்தக் காட்சிக்கு உதவும் என்று தெரிய வேண்டும். ஆகவே அங்குள்ளவர்களின் வழக்கப்படி அவளும் வாலை வெட்டிவிட்டுத் தன் பெயரை வைப்பாள். ‘கதவு-கோபம்’. ‘கதவு-வருத்தம்’. ‘நாய்-தூரம்’. ‘மழை-நல்லது-3’.

வால் போனால் ஆள் போயிற்று.

பதின்மூன்று பேரை ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். கதவு என்று தேடினால் கதவு கிடைத்தது. நாய் என்றால் நாய். ‘மழை-நல்லது-3’ மட்டும் கிடைக்கவில்லை. அதுதான் கடைசிக் காட்சியின் மழை.

திங்கட்கிழமை சக்திவேல் அழைத்தான்.

"ஜுவே, பேர் லிஸ்ட் அனுப்பு மச்சி. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குப் படத்தைக் குடுத்துடணும். சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஷோ."

"பதிமூணு ரெடி. ஒண்ணு மட்டும் ஆள் சிக்கல."

"ஒண்ணுதானே? ‘நன்றி: இணையம்’னு போட்டுரு."

"இணையம் யாருடா? உங்க சித்தப்பாவா?"

"எவன் வந்து கேக்கப் போறான்?"

"எட்டு மாசம் நான் நடந்தேனே, நான்கூடத்தான் போய்க் கேக்கல."

"சரி, தேடு," என்றான் சக்திவேல்.

4

இங்கே சக்திவேலைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வரைவில் அவனை வில்லனாக எழுதியிருந்தேன். மீசையை முறுக்கினான். ‘பெயராவது மண்ணாங்கட்டியாவது’ என்றான். மறுநாள் படித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. தன் முதல் படத்தை முடிக்கத் தவிக்கும் ஒருவன், யாருக்கும் தெரியாத ஒரு பெயரை விட்டுவிடலாம் என்று நினைப்பது அவ்வளவு பெரிய குற்றமா? நான் ஒரு பெண்ணின் மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொண்டு வந்தவன். மீசையை எடுத்துவிட்டேன்.

(ஜஹீதாவின் ஆரி வேலையிலும் ஓர் உவமை எட்டிப் பார்க்கிறது. அவர் தைக்கும் ரவிக்கையின் கழுத்தில் கடையின் பெயர்தான்… வேண்டாம். அவரே அதைப் பற்றி ஒன்றும் சொல்லாதபோது நான் எதற்கு?)

5

புதன்கிழமை நண்பகல். ஜுவேரியா மழையில் நனைந்து கிடந்தாள். தகரக் கூரை மழை, கார்க் கண்ணாடி மழை, வாழையிலை மழை, கூடாரத்தின் மீது மழை என்று நாற்பத்தொரு பக்கங்கள் தேடியாயிற்று. ஒன்றும் பொருந்தவில்லை. தன்னிடமிருந்த கோப்பை மறுபடியும் ஒலிபெருக்கியில் சத்தமாக ஓடவிட்டாள்.

அடுத்த அறையில் ஆரிச் சட்டத்தின் முன் அமர்ந்திருந்த ஜஹீதாவின் ஊசி நின்றது.

"ஏய், யாருடி அது, எண்ணெய் காயாம பஜ்ஜி போடறது?"

"அம்மா, அது மழைம்மா."

"மழையா? எந்த ஊரு மழைடி இப்படிப் பொரியுது? மொதல்லேர்ந்து போடு."

போட்டாள்.

"இந்தா, கேளு. சொத்துன்னு விழுது பாரு. எண்ணெய் சூடு பத்தல. இப்ப சத்தம் ஏறுதா? இப்பத்தான் காஞ்சிருக்கு. இந்தா, திருப்பிப் போடறா. கொஞ்சம் பொறு… டங், டங். கேட்டுச்சா? எண்ணெய் வடியட்டும்னு கரண்டியைத் தட்டறா."

"அது தகரத்துல தண்ணி சொட்டற சத்தம்மா. அதனாலதான் படத்துக்காக மெதுவாக்கும்போது அதை வெட்டிட்டேன்."

"நீ அடுப்படிப் பக்கம் வந்திருந்தா வெட்டியிருக்க மாட்டே," என்று சொல்லிவிட்டு ஜஹீதா மீண்டும் ஊசியை எடுத்தார். "வாழைக்காயாத்தான் இருக்கும். வெங்காயம்னா இன்னும் கத்தும்."

ஜுவேரியாவுக்கு அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு ஒரு சமையல் எண்ணெய் விளம்பரத்திற்காகப் பொரிக்கும் சத்தங்களைத் தேடியபோது, ஒன்றைக் கேட்டு, ‘அட, நல்ல மழை மாதிரி இருக்கே’ என்று எடுத்து வைத்தவள் அவளேதான். வாலை வெட்டி மழை என்று பெயரிட்டவளும் அவளே. பஜ்ஜியை ஒரு வாரமாக மழையில் தேடிக்கொண்டிருந்தாள்.

பொரிக்கும் சத்தங்களின் மூன்றாம் பக்கத்தில் அது இருந்தது. கீழே இப்படி எழுதியிருந்தது:

‘வாழைக்காய் பஜ்ஜி, ரெண்டாவது ஈடு. வடபழனி டிப்போ எதிரில். பொரித்தவர் தங்கபுஷ்பம். பதிந்தவர் அவர் மகள் பூஜா. யாரும் எடுத்துக்கலாம். எங்க ரெண்டு பேர் பேரும், இந்தத் தலைப்பும் போடணும்.’

தினமும் வேலைக்குப் போகும் வழியில் அவள் தாண்டிச் செல்லும் இடம்.

6

"பஜ்ஜியா?" என்றான் சக்திவேல். கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினான்.

"மச்சி, யோசிச்சுப் பாரு. அவ அங்க அழுதுக்கினு கீறா. பாக்கறவனும் தொண்டை அடைச்சுப் போயி உக்காந்துக்கினு கீறான். அடுத்த கார்டுல ‘மழை: வாழைக்காய் பஜ்ஜி’ன்னு வந்தா இன்னா ஆவும்?"

"சிரிப்பாங்க."

"அத்தத்தான் சொல்றேன்! ஒரு வருசம் உசுரக் குடுத்து அழ வெச்சிருக்கேன், ஒரு பஜ்ஜியைப் போட்டு எல்லாத்தையும் கெடுத்துடுவியா? அவங்க பேரைப் பெருசாவே போடறேன். பஜ்ஜிங்கற வார்த்தையை மட்டும் எடுத்துக்கலாமான்னு போய்க் கேளு. நல்லவிதமாக் கேளு."

வாசகரே, சக்திவேல் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கதை சொல்பவன் எவனும் தன் மழை எதனால் ஆனது என்று சொல்ல விரும்புவதில்லை. நான் மட்டும்தான் முதல் பகுதியிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதன் விளைவை நீங்கள் அனுபவிக்கிறீர்கள்.

7

வியாழக்கிழமை நாலரை மணிக்கு ஜுவேரியா வடபழனியில் அந்தத் தள்ளுவண்டியின் முன் நின்றாள். தங்கபுஷ்பம் நாற்பத்தைந்து வயதுக்காரர். ஒரு கை மாவில் இருந்தது, மறு கை கரண்டியில். அவரை இதற்கு முன் நூறு முறையாவது பார்த்திருக்கிறாள், ஒருமுறையும் நின்றதில்லை. கைப்பேசியில் கடைசிக் காட்சியை ஓடவிட்டு, காதுக்குழாயின் ஒரு முனையை அவர் காதில் தானே பொருத்தினாள்.

"இன்னா பாப்பா இது? இந்தப் பொண்ணு இன்னாத்துக்கு அழுவுது?"

"வேலை போயிடுச்சுக்கா."

"அடப் பாவமே. மழையில வேற நனையுது. ஒரு கொட குடுக்கக் கூடாதா எவனும்?"

"அந்த மழை… நீங்க போட்டதுக்கா."

தங்கபுஷ்பம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஜுவேரியா கதை முழுவதையும் சொன்னாள்: பூஜா பதிந்தது, தான் மெதுவாக்கியது, அம்மா கண்டுபிடித்தது. கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. முடிவில் அவர் பக்கத்துத் தேநீர்க் கடையை நோக்கிக் கூவிய கூவலில் டிப்போவே திரும்பிப் பார்த்தது.

"துரைராஜண்ணே! இங்க வாயேன்! நம்ம பஜ்ஜி சினிமால மழையாப் பேயுதாம்!"

"அதான் ரோடு வழுக்குதா?" என்று அங்கிருந்து பதில் வந்தது.

"வவுத்தெரிச்சல் புடிச்சவன்," என்று தங்கபுஷ்பம் சிரித்தார். "என் வெங்காய பஜ்ஜிக்கு வேணா அழுவாங்க. வாழக்காய்க்கே அழுவறாங்களா?"

இப்போது கேட்டாக வேண்டும். ஜுவேரியா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, உங்க பேரு, பூஜா பேரு ரெண்டும் பெருசாப் போடறோம். ‘மழை: தங்கபுஷ்பம், பூஜா’ன்னு. பஜ்ஜின்னு மட்டும் போடாம விட்டா… பரவால்லியா?"

தங்கபுஷ்பத்தின் கரண்டி எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் இரண்டு முறை தட்டியது. டங், டங்.

"அது எப்படிப் பாப்பா? மழைன்னு என் பேரப் போட்டா, நான் இன்னாவோ வானத்துலேர்ந்து மழை பேய வெச்ச மாதிரி ஆயிடும். நாளைக்கு எவனாவது வந்து, எங்கூர்ல பேய வையின்னா நான் எங்க போவேன்? நான் போட்டது பஜ்ஜி. ரெண்டாவது ஈடு. அத்தப் போடு. இல்லன்னா விட்டுடு, நான் கோச்சுக்க மாட்டேன். இந்தா, சூடா கீது, துன்னு."

(முதல் வரைவில் இந்த இடத்தில் தங்கபுஷ்பம் கண் கலங்கி, ‘என்னையும் ஒரு மனுஷியாக மதித்து’ என்று நீண்ட வசனம் ஒன்று பேசினார். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் அவர் பாதியில் நிறுத்திவிட்டு மாவைக் கரைக்கப் போய்விட்டார். நான் வற்புறுத்தவில்லை.)

8

எட்டாம் பகுதியில் உரிமங்களின் வகைகள், வரலாறு, பயன்கள் குறித்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். நீக்கிவிட்டேன். தங்கபுஷ்பம் மூன்று வரியில் சொல்லிவிட்டார்.

9

வெள்ளிக்கிழமை மூன்று மணி. தியாகராய நகரில் சக்திவேலின் தந்தை கனகராஜின் புடவைக்கடைக்கு மேலே, அட்டைப்பெட்டிகள் அடுக்கிய சரக்கறை. அங்கேதான் படத்தைத் தொகுக்கும் கணினி இருந்தது. இருவரும் அதன் முன் அமர்ந்திருந்தார்கள்.

"முடியாதுன்னுட்டாங்க," என்றாள் ஜுவேரியா. "பஜ்ஜின்னு போட்டாத்தான்."

"அப்ப மழையை மாத்து. பேரே கேக்காத மழை ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். எவன் பேரும் போட வேணாம்."

"அந்த பஜ்ஜி மழைக்குத்தான் நான் ரெண்டு மாசம் சீனைக் கட்டியிருக்கேன் சக்தி. ஒவ்வொரு விசும்பலுக்கும் ஒரு ஏத்தம், ஒரு இறக்கம்."

"அப்ப பஜ்ஜியை வெச்சுக்கினு பஜ்ஜின்னு போடாம விடு!"

ஜுவேரியா எழுந்து நின்றாள். துப்பட்டாவின் பூக்களும் சந்து முழுவதும் பரவிய சேதியும் அவள் மனத்தில் வந்து போயின. தொலைக்காட்சித் திரையில் அம்மா வைத்த விரலும் வந்தது.

"அவங்க பேரு, அவங்க கேட்ட மாதிரி வரலன்னா, என் பேரும் வேணாம். என் கார்டை எடுத்துடு."

"லூசா நீ? உனக்கு மொதப் படம்!"

"அதனாலதான்." மேசை மீது கிடந்த கடைப் பையை எடுத்து அவன் முன் வைத்தாள். பையின் முகப்பு முழுக்க, கடையைத் தொடங்கிய அவன் தாத்தாவின் படம். "உங்க தாத்தா செத்து முப்பது வருசம் ஆச்சு. ரங்கநாதன் தெருவுல பாதிப் பேரு அவரைத் தூக்கிக்கினு நடக்கறாங்க. உயிரோட இருக்கற ஒருத்தங்க, ரெண்டு வரி கேக்கறாங்க."

சக்திவேல் பையைப் பார்த்தான். தாத்தா அவனைப் பார்த்தார். அவன் தன் மழையை எடுத்துக் காட்சியில் பொருத்தினான். ஓடவிட்டான்.

அது அசல் மழை. ஏதோ ஓர் ஊரில் உண்மையாகவே பெய்தது. விற்பனைப் பெண் தெருவில் நின்றாள், அழுதாள். இருவரும் இறுதிவரை பார்த்தார்கள்.

"மச்சி," என்றான் சக்திவேல், மிகவும் மெலிந்த குரலில், "இதுதான் பஜ்ஜி போடற மாதிரி கீது."

ஜுவேரியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனுக்கும்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "சரி, எண்ணெயையே ஊத்து."

நாலேமுக்கால் மணிக்கு அட்டை தயாரானது:

*மழை: ‘வாழைக்காய் பஜ்ஜி, ரெண்டாவது ஈடு’. பொரித்தவர் தங்கபுஷ்பம். பதிந்தவர் பூஜா. மெதுவாக்கப்பட்டது, கரண்டிச் சத்தம் நீக்கப்பட்டது.*

அதற்கு அடுத்து, மூன்று நொடி: *ஒலி வடிவமைப்பு: ஜுவேரியா.*

10

சனிக்கிழமை பதினோரு மணி. மயிலாப்பூரில் அறுபது பேர் அமரக்கூடிய ஒரு சிறு அரங்கம். மூன்றாம் வரிசையில் புதுத் துப்பட்டாவோடு ஜஹீதா. அவருக்குப் பக்கத்தில், மதிய வியாபாரத்தை விட்டுவிட்டு வந்த தங்கபுஷ்பமும் பூஜாவும். கடைசி வரிசையில் சக்திவேல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். ஜுவேரியா சுவரோரம் நின்றாள். திரையில் அந்தப் பெண் மழையில் அழுதாள். அரங்கில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு அட்டை வந்தது.

அரங்கில் ஒரு சத்தம் எழுந்தது.

(அ) எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். தங்கபுஷ்பம்தான் எல்லோரையும்விட உரக்க… இதை எழுதினேன். அப்படியானால் சக்திவேல் அஞ்சியதே நடந்துவிட்டது. அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நிறுத்திவிட்டேன்.

(ஆ) அரங்கம் அப்படியே உறைந்து… இது எனக்கே நம்பிக்கையாக இல்லை. பஜ்ஜி என்று எழுதியிருக்கிறது, உறைவார்களா?

(இ) நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லோரும் காபிக்கு எழுந்துவிட்டார்கள், ஒருவரும் அட்டையைப் படிக்க… இதுதான் நடந்திருக்க அதிக வாய்ப்பு. ஆனால் மூன்றாம் வரிசையில் ஜஹீதா விரல் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். மகளின் பெயர் வந்து மறைவதற்குள் எவரையும் எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சத்தம் என்ன என்று அறிந்த ஒரே ஒருவர் லஸ்ஸில் இறங்கிப் போய்விட்டார். என்னிடம் அது இல்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால், என்னிடம் எந்தச் சத்தமும் இருந்ததில்லை. நான் தந்தவை எழுத்துகள் மட்டுமே. ஐந்தாம் பகுதியில் எண்ணெய் பொரிந்தபோது நீங்கள் கேட்டது உங்கள் வீட்டு எண்ணெய். ஏழாம் பகுதியில் கரண்டியைத் தட்டியவர் உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர். இந்தக் கதையின் ஒலிகள் அனைத்தையும், என்னிடம் ஒன்றும் கேளாமல், தாங்களே கொடுத்திருக்கிறீர்கள். நான் நன்றி சொல்லாமல் எடுத்துப் பயன்படுத்திவிட்டேன்.

ஆகவே இந்த ஒன்றையும் தங்களிடமே கேட்கிறேன். அருள்கூர்ந்து பெயரோடு தாருங்கள். வாலை வெட்ட மாட்டேன்.

*மூன்று வாக்கியங்கள்: பேருந்தில் முன் இருக்கையில் இருந்தவர். பெயர் அறியேன், இந்த இடம் அவருக்காகக் காலியாக இருக்கும்: ……………………*

*‘ஜுவேரியா’ என்னும் பெயர்: எங்கள் நூலகத்து மாணவி. தாமதக் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டது.*

*எண்ணெய், கரண்டி, மூக்குறிஞ்சல்: இதைப் படித்தவர்.*

*அட்டை வந்தபோது அரங்கில் எழுந்த சத்தம்: ……………………*

*தந்தவர்: ……………………*